உடம்புக்குள் வரும் காராங் குனி

தமிழ் மூத்தோருக்கான சுகாதார உரையின் எழுத்து வடிவம்



நான் மருத்துவர் அல்ல. ஆங்கிலத்தில் வரும் சுகாதாரக் குறிப்புகளைத் தமிழில் எழுதுவது என் வேலை. மருந்து பற்றிய கேள்விகளுக்குப் பதில் சொல்ல இங்கே தாதி ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். கொஞ்ச காலமாக உங்கள் கைத்தொலைபேசிகளில் சுற்றிக்கொண்டிருக்கும் ஒரு சொல்லைப் பற்றிப் பேசுவது என் பங்கு. "ஆட்டோஃபேஜி" என்பது அந்தச் சொல்.

வாட்ஸ்அப்பில் வரும் செய்தி ஏறக்குறைய இப்படி இருக்கும்: ஜப்பானிய விஞ்ஞானி ஒருவர் விரதத்தின் பலனைக் கண்டுபிடித்து நோபெல் பரிசு வாங்கினார். 16 மணி நேரம் சாப்பிடாமல் இருந்தால் உடம்பு நோயுள்ள உயிரணுக்களைத் தானே தின்றுவிடும். புற்றுநோய், இனிப்பு நீர், மறதிநோய் எல்லாம் ஓடிவிடும். நம் முன்னோர் இதை அன்றே சொன்னார்கள். அதோடு இரண்டு கைகூப்பும் படம், ஒரு ரோஜாப்பூ.

இதில் உண்மையும் இருக்கிறது, பாதி உண்மையும் இருக்கிறது. நம் வயதுக்காரர்களுக்கு ஆபத்தானதும் ஒன்று இருக்கிறது. முன்பு ஒரு கூட்டத்தில் ஓர் அம்மா என்னிடம் கேட்டார்: "ஏம்மா, 16 மணி நேரம் சாப்பிடாம இருந்தா இனிப்பு நீர் மாத்திரையை விட்டுடலாமாமே?" அவருக்கு அன்று சுருக்கமாக "விடக்கூடாதும்மா" என்று மட்டும் சொன்னேன். ஏன் விடக்கூடாது என்பதை இன்று சற்று விரிவாகச் சொல்கிறேன்.

முதலில் சொல்லைப் பார்ப்போம். 1963ஆம் ஆண்டு பெல்ஜிய நாட்டு விஞ்ஞானி கிறிஸ்டியன் டி டுவ் இந்தச் சொல்லை உருவாக்கினார். கிரேக்க மொழியில் ஆட்டோ என்றால் தானே, ஃபேஜின் என்றால் உண்பது. இரண்டையும் சேர்த்துத் தமிழில் தன்னுண்ணல் என்று எழுதலாம். ஆனால் அப்படி எழுதினால், உடம்பு தன்னையே கடித்துத் தின்பது போலப் படிப்பவருக்குத் தோன்றுகிறது. அது சரியான படம் அல்ல. எனக்கு இதைவிடப் பொருத்தமாகத் தோன்றுவது நம் புளோக்குக்கு வரும் காராங் குனிக்காரர்.

ஹாரன் அடித்துக்கொண்டு தள்ளுவண்டியோடு வருவாரே, அவர்தான். பழைய செய்தித்தாள், கிழிந்த துணி, ஓடாத காற்றாடி எல்லாவற்றையும் எடுத்துக்கொள்வார். மலாயில் காராங் குனி என்றால் சாக்குப் பை. அந்த குனிக்கும் நம் கோணிக்கும் உறவு உண்டு. அவர் கொண்டுபோவது குப்பைத் தொட்டிக்குப் போவதில்லை. பிரிக்கப்பட்டு, உருக்கப்பட்டு, மறுபடி பயனுக்கு வருகிறது.

நம் ஒவ்வோர் உயிரணுவுக்குள்ளும் இதே வேலை நடக்கிறது. உயிரணுவுக்குள் பழுதான புரதங்கள் சேர்கின்றன. சக்தி தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியா என்ற சிறு உறுப்புகள் தேய்ந்துபோகின்றன. சில சமயம் வெளியிலிருந்து கிருமியும் நுழைந்துவிடுகிறது. அப்போது உயிரணுவுக்குள் பிறைச்சந்திரன் வடிவில் மெல்லிய சவ்வு ஒன்று தோன்றி, பழைய பொருளைச் சுற்றி வளர்ந்து, வாய் மூடிப் பையாகிவிடுகிறது. அதுதான் கோணி. அந்தப் பை, லைசோசோம் என்ற இன்னொரு பையோடு போய் ஒட்டிக்கொள்கிறது. லைசோசோமுக்குள் புளிப்பான திரவமும் பொருளைச் சிதைக்கும் நொதிகளும் இருக்கின்றன. உள்ளே போனது சிறு சிறு துண்டுகளாக உடைந்து, புரதம் கட்டுவதற்கான அமினோ அமிலமாகவும் கொழுப்பாகவும் சர்க்கரையாகவும் வெளியே வருகிறது. உயிரணு அவற்றை எடுத்துப் புதிய பொருள் கட்டிக்கொள்கிறது.

இது எவ்வளவு பெரிய வேலை என்பதற்கு ஒரு கணக்கு. ஒருவர் ஒரு நாளில் உணவிலிருந்து பெறும் புரதம் சுமார் 70 கிராம். ஆனால் உடம்பு ஒரு நாளில் உடைத்துத் திரும்பக் கட்டும் புரதமோ 200 முதல் 300 கிராம். அதாவது நம் உடம்பு வெளியிலிருந்து வாங்குவதைவிட வீட்டுக்குள்ளேயே பழையதைப் புதுப்பித்துக்கொள்வதுதான் அதிகம். எல்லாமே தன்னுண்ணலால் நடப்பதில்லை. புரதத்தை உடைக்க வேறு வழியும் உண்டு. ஆனாலும் இதன் பங்கு பெரியது.

இனி அந்த ஜப்பானிய விஞ்ஞானி. பெயர் யோஷினோரி ஓசுமி. 1945இல் பிறந்தவர், இங்கே இருக்கும் பலருடைய வயதுக்காரர். தோக்கியோ பல்கலைக்கழகத்தில் சொந்தமாக ஓர் ஆய்வுக்கூடம் தொடங்கியபோது அவருக்கு வயது 43. விஞ்ஞானிகள் கணக்கில் அது தாமதம்தான். அவர் ஆராய்ந்தது மனிதர்களை அல்ல, ரொட்டி மாவை உப்பவைக்கும் ஈஸ்ட்டை. ஈஸ்ட் ஒரே ஓர் உயிரணு கொண்ட உயிர். அதற்குள் நம் லைசோசோம் போலவே வேலை செய்யும் பை ஒன்று உண்டு, சாதாரண நுண்ணோக்கியிலேயே தெரியும் அளவுக்குப் பெரியது.

ஓசுமி ஒரு நல்ல யோசனை செய்தார். பொருள்களை உடைக்கும் நொதி இல்லாத ஈஸ்ட்டை எடுத்து, அதற்கு உணவு கொடுக்காமல் பட்டினி போட்டார். காராங் குனிக்காரர் சாக்கு சாக்காகக் கொண்டுவந்து இறக்குகிறார், ஆனால் கிடங்கில் பிரித்துப் போட ஆள் இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். என்ன ஆகும்? மூட்டைகள் குவியும். அப்படித்தான் ஆயிற்று. சில மணி நேரத்தில் அந்தப் பை நிறையச் சின்னச் சின்ன உருண்டைகள் சேர்ந்தன. அதுவரை கண்ணுக்குச் சிக்காமல் உடனே கரைந்து மறைந்துகொண்டிருந்த வேலை நுண்ணோக்கியில் தெளிவாகத் தெரிந்தது. இதை அவர் 1992இல் வெளியிட்டார். அடுத்த ஆண்டே, இந்த வேலைக்கு அவசியமான 15 மரபணுக்களைத் தேடி எடுத்துவிட்டார். பின்னர் மனிதர்களிடமும் அதே வகை மரபணுக்கள் இருப்பது தெரியவந்தது. 2016இல் மருத்துவத்துக்கான நோபெல் பரிசு அவர் ஒருவருக்கே வழங்கப்பட்டது.

அந்தப் பரிசு எதற்கு என்பதைக் கவனியுங்கள். உயிரணு தன் பழைய பொருள்களை எப்படி மறுசுழற்சி செய்கிறது என்பதைக் கண்டுபிடித்ததற்கு. விரதத்துக்கு அல்ல. 16 மணி நேரத்துக்கும் அல்ல. பட்டினி கிடந்தது ஈஸ்ட்.

அப்படியென்றால் இதற்கும் மனித நோய்க்கும் சம்பந்தமே இல்லையா? நிறைய இருக்கிறது. அதனால்தான் உலகம் முழுவதும் ஆராய்கிறார்கள்.

மூளையை எடுத்துக்கொள்வோம். தோல் உயிரணு உதிர்ந்து புதிது வரும். மூளை நரம்பணுக்கள் அப்படி இல்லை. பெரும்பாலானவை நம்மோடு பிறந்து, 70, 80 வயது வரை அதே உயிரணுவாக உழைக்கின்றன. வீடு மாற்ற முடியாதவர் இருக்கும் வீட்டைச் சுத்தமாக வைத்துக்கொள்ளத்தானே வேண்டும்? 2006இல் ஜப்பானிய ஆய்வாளர்களின் இரண்டு குழுக்கள் இதைச் சுண்டெலிகளில் சோதித்தன. நரம்பணுக்களில் மட்டும் தன்னுண்ணல் நடக்காதபடி மரபணுவை நீக்கினார்கள். அந்தச் சுண்டெலிகளின் நரம்பணுக்களில் புரதக் கட்டிகள் சேர்ந்தன. நடை தடுமாறியது.

இந்த ஆய்வில் நமக்கு முக்கியமான செய்தி ஒன்று உண்டு. அந்தச் சுண்டெலிகள் பட்டினி கிடக்கவில்லை. நன்றாகச் சாப்பிட்டுக்கொண்டுதான் இருந்தன. அப்படி இருந்தும் துப்புரவு நின்றதும் மூளை கெட்டது என்றால், சாதாரண நாள்களிலும் சாப்பிட்டு இருக்கும்போதும் இந்தத் துப்புரவு நடந்துகொண்டே இருக்கிறது என்று அர்த்தம். காராங் குனிக்காரர் நாம் பட்டினி கிடந்தால்தான் வருவார் என்பதில்லை. பட்டினியில் அவர் இன்னும் வேகமாக வேலை செய்வார், அவ்வளவுதான். அப்போது அவர் கழிவைத் தேடி வருவதைவிட உயிரணுவுக்குத் தீனி தேடி வருகிறார் என்பதையும் சொல்லவேண்டும்.

பார்க்கின்சன் நோயிலும் இதற்குத் தொடர்பு உண்டு. பிங்க்1, பார்க்கின் என்று இரண்டு மரபணுக்கள் இருக்கின்றன. பழுதான மைட்டோகாண்ட்ரியாவுக்கு, இதை எடுத்துப் போங்கள் என்று அடையாளம் ஒட்டுவது இவற்றின் வேலை. இவற்றில் பிழையோடு பிறப்பவர்களுக்குச் சிறு வயதிலேயே பார்க்கின்சன் வரலாம். பெரும்பாலானவர்களுக்கு வருவது இந்தப் பரம்பரை வகை அல்ல. ஆனாலும் நோய் எப்படித் தொடங்குகிறது என்று புரிந்துகொள்ள இது ஒரு வாசல். அல்சைமர் மறதிநோய் உள்ளவர்களின் மூளையில், அந்தக் கோணிகள் பிரிக்கப்படாமல் தேங்கிக் கிடப்பதைப் பார்த்திருக்கிறார்கள். அதாவது அங்கே சிக்கல், மூட்டை கட்டுவது குறைவு என்பதாக மட்டும் இல்லாமல் மூட்டை பிரிக்க முடியாததாகவும் இருக்கலாம். அப்படிப்பட்ட இடத்தில் இன்னும் வேகமாக மூட்டை கட்டச் சொன்னால் நல்லதா கெட்டதா என்று யோசித்துப் பாருங்கள். விஞ்ஞானிகளும் அதைத்தான் யோசிக்கிறார்கள்.

நமக்குத் தெரிந்த இன்னொரு நோய் காசம். காச நோய்க்கிருமி நம் தற்காப்பு உயிரணுவுக்குள்ளேயே ஒளிந்து வாழும். தன்னுண்ணலைத் தூண்டினால் அந்தக் கிருமியும் கோணிக்குள் சிக்குகிறது என்று 2004இல் ஆய்வுக்கூடத்தில் காட்டினார்கள். காசத்துக்கு இன்றும் சிகிச்சை, மாதக்கணக்கில் தவறாமல் சாப்பிடும் மாத்திரைகள்தான்.

புற்றுநோய்தான் வாட்ஸ்அப் செய்தி அதிகம் கதைவிடும் இடம், அதனால் கொஞ்சம் நிதானமாகக் கேளுங்கள். 1999இல் அமெரிக்க மருத்துவர் பெத் லெவைனின் குழு, பெக்லின் 1 என்ற தன்னுண்ணல் மரபணுவுக்கும் மார்பகப் புற்றுநோய்க்கும் தொடர்பு இருப்பதைக் காட்டியது. துப்புரவு சரியாக நடந்தால் உயிரணு கெட்டுப்போகாது, புற்றுநோய் தொடங்குவது கடினமாகும். இது ஒரு பக்கம். மறுபக்கம், புற்றுக்கட்டி வளர்ந்த பிறகு அதன் உட்பகுதிக்கு ரத்தமும் உணவும் சரியாகப் போவதில்லை. அப்போது புற்று உயிரணுக்கள் இதே தன்னுண்ணலைப் பயன்படுத்தித் தங்களைக் காப்பாற்றிக்கொள்கின்றன. கதிரியக்கச் சிகிச்சையையும் மருந்தையும் தாங்கிக்கொள்ளவும் அது அவற்றுக்கு உதவும். ஆகவே சில ஆய்வாளர்கள் தன்னுண்ணலைக் கூட்டுவதற்குப் பதிலாகத் தடுத்துப் பார்க்கிறார்கள். மூட்டுவாதத்துக்குக் கொடுக்கும் ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் லைசோசோமின் வேலையைத் தடுக்கும். அதைப் புற்றுநோய் மருந்துகளோடு சேர்த்துச் சோதனை செய்திருக்கிறார்கள். அது இன்னும் வழக்கமான சிகிச்சை ஆகவில்லை.

புற்றுநோய்ச் சிகிச்சையில் இருப்பவர் யாராவது, பட்டினி கிடந்து கட்டியைக் கரைக்கிறேன் என்று சொன்னால் நமக்குக் கவலை வரவேண்டும். சிகிச்சையின்போது எடை குறைவதே பெரிய பிரச்சினை. உங்கள் வீட்டில் அப்படி யாராவது இருந்தால், உணவை மாற்றுவதற்கு முன் சிகிச்சை தரும் மருத்துவரிடம் கேளுங்கள்.

சரி, 16 மணி நேரம் என்ற கணக்கு எங்கிருந்து வந்தது? பட்டினியில் தன்னுண்ணல் கூடுகிறது என்பதற்கான ஆதாரங்களில் மிகப் பெரும்பகுதி ஈஸ்ட்டிலிருந்தும் எலிகளிலிருந்தும் கிடைத்தவை. சுண்டெலி மிகச் சிறிய உயிர். ஒரு நாள் பட்டினி கிடந்தால் அதன் உடல் எடையில் பத்தில் ஒரு பங்கோ அதற்கு மேலோ குறைந்துவிடும். 60 கிலோ எடையுள்ள ஒருவர் ஒரே நாளில் 6 கிலோ இளைப்பது போல. எலியின் ஒரு நாளும் நம் ஒரு நாளும் ஒன்றல்ல. மனிதருக்கு இத்தனையாவது மணியில் தன்னுண்ணல் தொடங்கும் என்று எந்தக் கடிகாரமும் நிறுவப்படவில்லை. பலதுறை மருந்தகத்தில் ரத்தம் எடுத்து இனிப்பு அளவு பார்ப்பது போல, தன்னுண்ணல் அளவு பார்க்கும் பரிசோதனையும் கிடையாது. அளக்கவே முடியாத ஒன்று உங்கள் உடம்பில் கூடிவிட்டது என்று ஒருவர் சொன்னால், எப்படித் தெரியும் என்று கேளுங்கள்.

உண்ணும் நேரத்தைச் சுருக்குவதால் எடை குறையுமா என்றால், குறையலாம். சீனாவின் குவாங்ஜோவில் உடல் பருமன் உள்ள 139 பேரை ஓராண்டு கவனித்தார்கள். எல்லாரும் அளவாகச் சாப்பிட்டார்கள். அவர்களில் ஒரு பகுதியினர் அதோடு, காலை 8 மணி முதல் மாலை 4 மணி வரை மட்டுமே சாப்பிட்டார்கள். 2022இல் வெளியான முடிவின்படி இரு பிரிவினருக்கும் எடை குறைந்தது. நேரக் கட்டுப்பாடு கூடுதலாக எதையும் பெரிதாகத் தரவில்லை. இரவு 10 மணிக்கு ரொட்டி பிராட்டாவும் இனிப்புத் தேநீரும் சாப்பிடும் பழக்கத்தை விடுவதற்கு இந்த முறை ஒருவருக்கு உதவினால் நல்லதுதான். அதற்கு நோபெல் பரிசைத் துணைக்கு இழுக்க வேண்டியதில்லை.

இப்போது மாத்திரைக்கு வருகிறேன். என் மனதில் முதலில் இருந்தது இதுதான்.

இனிப்பு நீருக்கு நீங்கள் கிளிக்லசைடு, கிளிபிசைடு போன்ற மாத்திரை சாப்பிட்டால், அல்லது இன்சுலின் போட்டுக்கொண்டால், அந்த மருந்து நீங்கள் சாப்பிட்டீர்களா இல்லையா என்று பார்த்து வேலை செய்யாது. சாப்பிடாமல் இருந்தாலும் சர்க்கரையைக் குறைத்துக்கொண்டே போகும். அளவு 4.0க்குக் கீழே போனால் கை நடுங்கும், வியர்க்கும், நெஞ்சு படபடக்கும், பேச்சு குழறும். வயதானவர்களுக்குச் சில சமயம் நடுக்கமோ வியர்வையோ வராமல் நேராகக் குழப்பமும் மயக்கமும் வரும். தனியாக இருக்கும் வீட்டில், குளியலறையில் விழுந்தால் யார் பார்ப்பது?

எம்பாகிளிஃப்ளோசின், டாபாகிளிஃப்ளோசின் போன்ற மாத்திரைகள் வேறு வகை. சர்க்கரையைச் சிறுநீரோடு வெளியேற்றுபவை. இவற்றைச் சாப்பிட்டுக்கொண்டு நீண்ட நேரம் பட்டினி கிடந்தால் ரத்தம் அமிலமாகிவிடும் ஆபத்து உண்டு. அப்போது விரலில் குத்திப் பார்த்தால் சர்க்கரை அளவு பெரிதாகக் கூடியிருக்காது. வாந்தி, வயிற்றுவலி, மூச்சு வாங்குவது ஆகியவைதான் அடையாளம். அதனால் கவனிக்காமல் விட்டுவிடுவார்கள். ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுபவர்கள் தண்ணீரும் குடிக்காமல் இருந்தால் எழுந்திருக்கும்போது தலை சுற்றும். இதற்கு மாறாக, விரதம் இருக்கிறேன் என்று மாத்திரையை நிறுத்திவிடுபவர்களும் உண்டு. அவர்களுக்குச் சில வாரங்களில் சர்க்கரை எகிறும். சிறுநீரகமும் கண்ணும் சத்தமில்லாமல் கெடும்.

தசையும் ஒரு விஷயம். 65 வயதுக்கு மேல் கரையும் தசையைத் திரும்பப் பெறுவது கடினம். இட்லி இரண்டு, காப்பி ஒன்று என்று ஒரு வேளையைக் கழித்துவிட்டு அடுத்த வேளையைப் பட்டினி போட்டால், உடம்பு புரதத்தைக் கால் தசையிலிருந்துதான் எடுக்கும். பருப்பு, முட்டை, மீன், தயிர், தோஃபு இவற்றில் ஏதாவது ஒன்று ஒவ்வொரு வேளையிலும் இருக்கட்டும். சிறுநீரக நோய்க்காக உங்களுக்குப் புரத அளவு சொல்லியிருந்தால் அந்த அளவையே பின்பற்றுங்கள்.

ஏகாதசிக்கும் கந்த சஷ்டிக்கும் விரதம் இருப்பவர்கள், தைப்பூசத்துக்கு நாள் கணக்கில் ஒரு வேளை உணவோடு இருப்பவர்கள், நோன்பு நோற்கும் நம் முஸ்லிம் சகோதர சகோதரிகள் எல்லாரும் இந்த அறையில் இருக்கிறீர்கள். லங்கணம் பரம ஔஷதம் என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். விரதம் இருக்காதீர்கள் என்று சொல்ல நான் வரவில்லை. அது உங்கள் வழிபாடு, அதற்கு ஈஸ்ட்டின் சாட்சி தேவையில்லை. நான் கேட்பது, முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்லுங்கள் என்பதுதான். ரமலானுக்கு ஆறு முதல் எட்டு வாரங்களுக்கு முன்பே சொன்னால் மருந்தின் அளவையும் நேரத்தையும் மாற்றித் தர வசதியாக இருக்கும். சிலருக்கு வேண்டாம் என்றும் சொல்வார்கள். விரதத்தின் நடுவில் அளவு 4.0க்குக் கீழே போனால், அல்லது நடுக்கமும் வியர்வையும் வந்தால், அப்போதே விரதத்தை முடித்துவிடுங்கள். மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடியுங்கள். 15 நிமிடம் கழித்து மறுபடி அளந்து பாருங்கள். மைலோ அந்த நேரத்துக்குச் சரிப்படாது, பாலில் உள்ள கொழுப்பு சர்க்கரை ஏறுவதைத் தாமதப்படுத்தும். ஆள் நினைவிழந்துவிட்டால் வாயில் எதையும் ஊற்றாமல் 995ஐ அழையுங்கள்.

தன்னுண்ணலைத் தூண்டும் மாத்திரை என்று இணையத்தில் விற்கிறார்களே, வாங்கலாமா என்று சென்ற முறை ஒரு ஐயா கேட்டார். ராபமைசின் என்ற மருந்து எலிகளின் ஆயுளை நீட்டியதாக 2009இல் ஓர் ஆய்வு வந்தது உண்மை. மனிதருக்கு அதைக் கொடுப்பது மாற்றுச் சிறுநீரகத்தை உடம்பு ஒதுக்காமல் இருக்க. அதாவது நோய் எதிர்ப்புச் சக்தியை அடக்க. வாங்கவேண்டாம்.

நடைக்கு மட்டும் ஒரு நல்ல வார்த்தை. சுண்டெலிகளை ஓடவைத்தபோது அவற்றின் தசையிலும் இதயத்திலும் தன்னுண்ணல் கூடியது என்று 2012இல் அதே பெத் லெவைனின் குழு காட்டியது. அதுவும் எலிதான், நமக்கு அப்படியே பொருந்தும் என்று சொல்லமாட்டேன். ஆனால் நடப்பதால் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் குறைவதும் கால் வலுப்பெறுவதும் மனிதர்களிலேயே பார்த்தவை. காலையில் புளோக்கின் கீழே கோப்பி ஓ கோசோங் குடிக்கப் போகும்போது இன்னும் இரண்டு புளோக் சுற்றிவிட்டுப் போகலாம்.

நான் பேசியது போதும். வரச் சொல்லும்போதே மருந்துப் பையைக் கொண்டுவரச் சொல்லியிருந்தோம். கொண்டுவந்தவர்கள் அப்படியே தாதியிடம் காட்டுங்கள். சாப்பிடாத நாளில் எந்த மாத்திரையை என்ன செய்வது என்று மருத்துவரிடம் கேட்கவேண்டியவற்றை அவர் ஒரு தாளில் தமிழிலேயே எழுதிக் கொடுப்பார். பை கொண்டுவராதவர்கள் மாத்திரை உறையைக் கைத்தொலைபேசியில் படம் பிடித்து, அடுத்த முறை பலதுறை மருந்தகத்துக்குப் போகும்போது மருந்தாளரிடம் காட்டலாம். முன் வரிசையிலிருந்து தொடங்குவோம்.